விறகாகப் போகும் தேயிலை மரத்தில் ஒரு பேனா



பழைய மலையை மறுநடுகைக்காகப் பிடுங்கும்போது என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வேரோடு பிடுங்கின தேயிலை மரங்களை ஓரமாகக் குவிக்கிறார்கள். அவை விறகாகி அடுப்புக்குப் போகின்றன. அந்த நிலத்தில் மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருஷம் மண்ணை ஆறவிட்டு, பிறகு புதுக் கன்று நடுகிறார்கள்.

விறகு தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டில் ஒரு சாண் நீளத்துக்கு நேரான துண்டு கிடைத்தால் அதை அடுப்பில் வைக்க வேண்டாம். ஒரு நல்ல பேனா செய்யலாம்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்குப் பிறகு மலை மலையாக நட்டது நம்ம பாட்டன், பூட்டன் கைதான். கவ்வாத்து வெட்டி வெட்டி வளர விடாமல் வைத்திருப்பதால் தேயிலை மரம் மெதுவாகவே பருக்கும். அதனால் கட்டை கெட்டியாக இருக்கும், நார் நெருக்கமாக இருக்கும். தேய்த்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பு வரும். பேனாவுக்கு வேண்டியது இதுதானே!

முதலில் அனுமதி

பிடுங்கின மரமும் தோட்டத்தின் சொத்துதான். துரையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேட்காமல் ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. முடிந்தால் ஒரு துண்டுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல்காரர் மறித்தால் காட்டலாம். பேனா செய்யப் போய்க் களவுக் கேஸில் மாட்டுகிற நிலைமை நம்ம பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

காயவைப்பதில்தான் பாதி வேலை

கறையான் தின்ற கட்டை, உள்ளே கறுத்து உளுத்த கட்டை உதவாது. பச்சைக் கட்டையில் செய்த பேனா இரண்டு கிழமையில் வெடித்துவிடும். தண்ணீர் வற்றும்போது மரம் சுருங்குகிறது. இரண்டு முனையும் சீக்கிரம் காயும், நடுப்பகுதி மெதுவாகக் காயும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு வருகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். துண்டின் பட்டையை உரித்து, கழுவி, நீளவாக்கில் நாலாகப் பிளந்து, நடுச் சோற்றை நீக்குங்கள். இரண்டு முனையிலும் மெழுகுதிரியை உருக்கிப் பூசுங்கள். காற்று படும் நிழலில் அடுக்கி வையுங்கள். வெயிலிலும் அடுப்புக்கு நேர் மேலேயும் வைக்காதீர்கள். ஓர் அங்குல மொத்தத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் கணக்கு. மெல்லிய துண்டு அதற்கு முன்பே காயும். ஆனால் நம்ம மழையை நம்பி நாள் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து, நிறையை எழுதி வையுங்கள். இரண்டு மாதம் நிறை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

செய்யும் முறை

கடைசல் இயந்திரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஹெக்ஸோ பிளேட், தட்டை அரம், வட்ட அரம், மணல் கடதாசி, தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை இவ்வளவும் போதும். நீளமான துளை போடுவது கஷ்டம். ஆகவே பென்சில் செய்கிற முறையைப் பின்பற்றுவோம். பென்சிலும் பள்ளம் போட்ட இரண்டு பலகையை ஒட்டிச் செய்வதுதான்.

1. ஒன்றரை சென்ரிமீற்றர் மொத்தத்தில், 14 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டு எடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். அறுத்த முகங்களை மட்டமாகத் தேயுங்கள்.

2. கடையில் கிடைக்கும் சாதாரணப் பேனாவின் மை டியூபை அளவாக வைத்து, இரண்டு பாதியிலும் வட்ட அரத்தால் பள்ளம் எடுங்கள். முனையில் உள்ள பித்தளை பருமனாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சற்று அகலமாக்குங்கள்.

3. முடிந்துபோன பழைய டியூப் ஒன்றில் மெழுகு தடவிப் பள்ளத்தில் வைத்து, இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டுங்கள். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். பசை இறுகுவதற்குள் பழைய டியூபைச் சுற்றி இழுத்து எடுத்துவிடுங்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.

4. அரத்தால் உருட்டி, பிடிக்கும் இடத்தை விரலுக்கு ஏற்ற மாதிரி மெலிதாக்குங்கள்.

5. புது மை டியூபைப் போடுங்கள். தளர்ந்திருந்தால் மெல்லிய கடதாசி சுற்றிச் செருகலாம். பசை போட வேண்டாம். மை முடிந்தால் மாற்ற வேண்டும்தானே.

ஒரு விஷயம் முக்கியம். பின்பக்கத்தை மூடினாலும் ஊசித் துளை அளவு வழி விடுங்கள். மை இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். முழுக்க அடைத்தால் எழுத்து நின்றுவிடும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. கொழும்பில் அடைபட்ட காற்று இங்கே வந்ததும் விரிந்து மையை வெளியே தள்ளும். கடைப் பேனாவின் பக்கத்தில் உள்ள சிறு துளை சும்மா போட்டதல்ல.

மெருகு

120ஆம் நம்பர் மணல் கடதாசியில் தொடங்கி 240, 400, 600 என்று போங்கள். நார் ஓடுகிற பக்கமே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் போகாது. ஒவ்வொரு நம்பருக்கும் பிறகு ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டால் எழும்பும் நாரை அடுத்த நம்பர் எடுத்துவிடும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

தேங்காய் எண்ணெய் மரத்தின் மேல் இறுகாது. பிசுபிசுப்பாக நின்று பிறகு சிக்கு வாடை அடிக்கும். தேன்மெழுகைத் தேய்த்து மினுக்கலாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கையும் மெல்லிசாகப் பல தடவை பூசலாம். ஸ்பிரிட் உள்ள போத்தலை அடுப்புக்கோ குப்பி விளக்குக்கோ கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் கவனியுங்கள்! அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு உண்டாக்கும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே கூடி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியை வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் உள்ள தகரத்தில் போடுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு காம்பராவோடு நிற்காது.

வேறு பொருட்கள்

மூங்கிலில் துளை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இளம் மூங்கில் வேண்டாம், மாவுச்சத்துக்கு வண்டு வந்து துளைக்கும். மூன்று வருஷத்துக்கு மேல் முற்றியதாகப் பாருங்கள். சிரட்டை வளைந்தது, மெல்லியது. முழுப் பேனா வராவிட்டாலும், வளையமாக வெட்டித் தேயிலைக் கட்டையோடு சேர்த்தால் கறுப்பும் மஞ்சளும் அழகாக இருக்கும்.

அரளிக் கட்டையைத் தொடவே வேண்டாம். அது நஞ்சு. பிள்ளைகள் பேனாவின் பின்பக்கத்தைக் கடிப்பார்கள். யானைத் தந்தம், கடலாமை ஓடு வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவிலிருந்து காய்ந்த குச்சியும் எடுக்கக் கூடாது.

விற்கும் முன் கணக்கு

ஒரு பேனா முடிக்க எத்தனை மணித்தியாலம் போனது, டியூபுக்கும் மணல் கடதாசிக்கும் பசைக்கும் எவ்வளவு ஆனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெடித்து வீணான துண்டையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் வாங்க வருகிறவர் சொல்லும் விலை கட்டுமா இல்லையா என்று தெரியும். ‘இது விறகுதானே’ என்று சிலர் விலை குறைப்பார்கள். விறகு வேறு, ஒரு வருஷம் காயவைத்து நாலு நம்பரில் தேய்த்த கட்டை வேறு. அதைச் சொல்லி விலை கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அதேநேரம், இதை நம்பிப் பேரை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு மாதிரிப் பக்கத் துணையாக இருக்கட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும், பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பொருத்தமான வேலை இது. அறுப்பதையும் அரம் போடுவதையும் பெரியவர்கள் செய்யட்டும், தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

முதல் பேனாவை விற்காதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையின் கையில் கொடுங்கள். பூட்டன் நட்ட மரத்தில் அந்தப் பிள்ளை தன் பேரை எழுதிப் பார்க்கட்டும்.

உங்கள் மலையில் இந்த வருஷம் மறுநடுகை இருந்தால் இப்போதே நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். அனுமதிக் கடிதத்துக்கு உதவி செய்வோம்.