வேலைக்குப் போனால் ஈ.எஸ்.ஐ. பணம் நின்று விடுமா?



கிராமத்திலிருந்து மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போய் வருவோர் இன்று பலர். அங்கே அடிபட்டுக் கை, கால், கண் பாதிக்கப்பட்டால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால், "மறுபடி வேலைக்குப் போனால் அந்தப் பணம் நின்று விடும்" என்று பயந்து, உழைக்கக் கூடியவரும் வீட்டோடு இருந்து விடுவதுண்டு. இந்தப் பயம் சரிதானா? ஒரு வீட்டுப் பேச்சைக் கேளுங்கள்.

நூல் மில்லில் வேலை செய்த கணவருக்கு இயந்திரத்தில் சிக்கி ஒரு கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. காயம் ஆறிவிட்டது. நிரந்தர ஊனத்துக்கான தொகை மாதாமாதம் வருகிறது.

மனைவி: "ஏங்க, மில்லிலேயே கேட் வேலை தர்றோம்னு மேஸ்திரி சொல்லி அனுப்பிச்சாரே, போகலையா?"

கணவர்: "போனா வர்ற பணமும் நின்னுடுமாம். டீக்கடையிலே எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மனைவி: "அதுக்காகப் படிக்கிற புள்ளையை நிறுத்தி வேலைக்கு அனுப்பணும்கிறீங்களே, இது நியாயமா? வாங்க, நர்சம்மாவைக் கேட்போம்."

கிராம சுகாதார செவிலியர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஈ.எஸ்.ஐ.யிலே ரெண்டு விதமான தொகை இருக்கு. ஒண்ணோட விதியை இன்னொண்ணோட போட்டுக் குழப்பிக்கிட்டீங்க. பயப்படாம வேலைக்குப் போங்க!"

தொகை இரண்டு, விதியும் இரண்டு

1. தற்காலிக ஊனத் தொகை: அடிபட்ட நாள் போக, குறைந்தது 3 நாட்களாவது வேலைக்குப் போக முடியாத நிலை இருந்தால் இது கிடைக்கும். சராசரி தினக் கூலியில் 90 விழுக்காடு தருவார்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தரும் நாள் வரை உண்டு. வேலை செய்து கூலி வாங்கும் நாளுக்கு இந்தத் தொகை கிடையாது. இரண்டையும் சேர்த்து வாங்குவது குற்றம், தண்டனையும் உண்டு.

2. நிரந்தர ஊனத் தொகை: காயம் ஆறிய பிறகும் ஊனம் தங்கிவிட்டால் மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று முடிவு செய்யும். சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20, கட்டைவிரல் முழுதும் போனால் 30, மறு கண் நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40 விழுக்காடு. இந்தத் தொகை ஊனத்துக்காகத் தரப்படுவது. எனவே வேலைக்குப் போனாலும் நிற்காது. அதே மில்லானாலும் சரி, வேறு இடமானாலும் சரி, சொந்தக் கடையானாலும் சரி.

கணக்கைப் பாருங்கள்

சராசரி தினக் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 விழுக்காடு 450 ரூபாய். இரண்டு விரல்களுக்கு அதில் 20 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 90 ரூபாய். 30 நாட்களுக்கு 2,700 ரூபாய். வீட்டிலேயே இருந்தால் இது மட்டும்தான். கேட் வேலையில் மாதம் 12,000 ரூபாய் கிடைத்தால் மொத்தம் 14,700 ரூபாய். எது லாபம்?

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"வேலைக்குச் சேர்ந்து சில நாளில் அடிபட்டால்?"
ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட வேலையானால், சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

"வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்?"
2010-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையே வேலை நிமித்தம் போகையில் வரும் விபத்தும் சேரும்.

"மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்களே, ஏன்?"
முதலில் தற்காலிகமாக விழுக்காடு போட்டிருந்தால் பிறகு மீண்டும் பார்த்து முடிவு செய்வார்கள். தவறாமல் போக வேண்டும். விழுக்காடு குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம்.

"ஊனத்தால் வேலையையே விட நேர்ந்தால் வைத்தியம்?"
ஓய்வு பெறும் வயது வரை ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு.

இதை மறவாதீர்கள்

* அடிபட்ட உடனே மேலாளரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.
* மருத்துவச் சீட்டு, சான்றுகளை ஒரே பையில் போட்டு வையுங்கள். வைத்திருக்கும் இடம் கணவன் மனைவி இருவருக்கும் தெரிய வேண்டும்.
* உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கேட்கும் காலத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பணம் தடைப்படும். அப்போது "வேலைக்குப் போனதால்தான் நின்றது" என்று நினைத்துவிடாதீர்கள்.
* தாசில்தார் அலுவலகம் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. அதன் நிபந்தனைகளும் வேறு. அதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* சந்தேகம் வந்தால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். டீக்கடைப் பேச்சை நம்பி வேலையை விடாதீர்கள்.

நம் கணவர் கேட் வேலையில் சேர்ந்தார். விரலுக்கான பணமும் வருகிறது. பெண் பள்ளிக்கூடம் போகிறாள்.

கேட்டுத் தெரிந்துகொள்வோம்! உழைத்து வாழ்வோம்! பிள்ளைகளைப் படிக்க வைப்போம்!