19 ஆண்டு வழக்காடிய சிதம்பரம்!

கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தவரின் கதை

மொரப்பூர் ரயில் நிலையத்தில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையில் தூக்குப் பாத்திரம். பிழைப்புத் தேடி வெளியூர் புறப்படும் குடும்பங்களைக் காணலாம். திருப்பூருக்குப் போகிறவர்கள் உண்டு. சென்னைக்குப் போகிறவர்கள் உண்டு.

ஊரை விட்டுப் புறப்படும் ஏழைக்கு இரண்டு கவலைகள். போகிற இடத்தில் வேலை கிடைக்குமா என்பது ஒன்று. போகிற இடத்தில் நம்மையும் ஒரு மனிதனாகக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது கவலையைத் தீர்ப்பதற்காக ஒருவர் 19 ஆண்டுகள் போராடினார். அவர் போராடிய இடம் நமக்குப் பாதி உலகம் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அவர் பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பிள்ளையின் பெயர்போல இருக்கும்.

ஆம்! அவர் பெயர் சிதம்பரம். ஆன்ரி சிதம்பரம்!

கப்பல் ஏறிய தமிழர்கள்

அமெரிக்கக் கண்டத்துக்குக் கிழக்கே, கரீபியன் கடல் ஓரத்தில், சின்னச் சின்னத் தீவுகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று குவாதலூப். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோன்ற வடிவம் கொண்ட தீவு. பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்கு உட்பட்டது.

அங்கே கரும்புத் தோட்டங்கள் ஏராளம். அவற்றில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து வந்தார்கள். 1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற மக்கள் பலர் பழைய முதலாளிகளிடம் வேலை செய்ய விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். அவர்கள் கண் நம் நாட்டின் மீது விழுந்தது.

புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் ஊர் ஊராகச் சென்றார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்கள். சாப்பாடும் சம்பளமும் உண்டு என்றார்கள். பசித்த வயிறு எதையும் நம்பும் அல்லவா?

1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி முதல் கப்பல் குவாதலூப் வந்து சேர்ந்தது. 1889 வரை வந்து இறங்கியவர்கள் நாற்பதாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் தமிழர் பலர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகும் அந்தப் பயணத்துக்கு மூன்று மாதம் பிடிக்கும்.

நடுவில் 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மொரப்பூர் அந்நாளில் சேலம் ஜில்லாவில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-இல்தான். சேலம் ஜில்லா அந்தப் பஞ்சத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. ஊரிலே இருந்தால் சாவு, கப்பல் ஏறினால் பிழைக்கலாம் என்று தமிழ் ஜில்லாக்களில் எத்தனையோ பேர் துணிந்தார்கள். கடல் கடந்து போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் குறைவு.

படித்த பிள்ளை

இப்படிப் போன குடும்பம் ஒன்றில், 1863-ஆம் ஆண்டு, காப்பெஸ்தேர் என்ற ஊரில் பிறந்தார் சிதம்பரம்.

கூலியாட்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கரும்பு வெட்டத்தான் போனார்கள். சிதம்பரம் படித்தார். பிரெஞ்சு மொழியில் எழுதவும் வாதாடவும் தேர்ச்சி பெற்றார். வெளியிலிருந்து வரும் தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். தொழிலாளியின் கஷ்டத்தை வீட்டில் கண்டவர், அதே தொழிலாளியைச் சர்க்கார் எப்படிக் கணக்கு எழுதுகிறது என்பதை அலுவலகத்தில் கண்டார்.

பிறகு அவர் சர்க்கார் வேலையை விட்டு வியாபாரம் செய்தார். 1897-இல் காப்பெஸ்தேர் முனிசிபல் கவுன்சிலுக்கு உறுப்பினர் ஆனார். அவர் நினைத்திருந்தால் கடையைக் கவனித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்திருக்கலாம். அப்படி இருக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

“இவர்கள் யார்?” என்ற கேள்வி

1904-ஆம் ஆண்டு. ஓட்டர் பட்டியல் தயாராகும் நேரம். குவாதலூப்பில் பிறந்து வளர்ந்த இந்தியர் மக்களின் பெயர்களைப் பட்டியலில் சேர்க்கச் செய்தார் சிதம்பரம். அந்நாளில் பிரெஞ்சு நாட்டில் ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு உண்டு.

கவர்னர் ஆட்சேபம் கிளப்பினார். “இவர்களுடைய தாய் தந்தையர் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஆகவே இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். இவர்களுக்கு இங்கே ஓட்டுக் கிடையாது” என்பதுதான் அதன் சாரம்.

எவ்வளவு கொடுமை பாருங்கள்! பிறந்தது குவாதலூப் மண். உழைத்தது குவாதலூப் மண். பெற்றோரைப் புதைத்ததும் அதே மண். அவர்கள் பிரிட்டிஷ் கொடியைக் கூடப் பார்த்ததில்லை. பிரிட்டிஷ் சர்க்காரும் அவர்களைத் தன் பிள்ளைகள் என்று அணைத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் அவர்கள் எந்த நாட்டுப் பிள்ளைகள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே காலத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்த தமிழர்கள் பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போட்டு வந்தார்கள். அந்தத் துறைமுகங்களில் கப்பல் ஏறிய ஏழைகளின் பிள்ளைகளுக்கு மட்டும் ஓட்டு இல்லை!

சட்டம் என்ன சொன்னது? 1889-இல் பிரான்ஸ் ஒரு குடியுரிமைச் சட்டம் செய்திருந்தது. அயல்நாட்டாருக்குப் பிறந்தவனாக இருந்தாலும், பிரெஞ்சு மண்ணில் பிறந்து, வயது வந்தபின்னும் அங்கேயே குடியிருந்தால் அவன் பிரெஞ்சுக் குடிமகன். அந்தச் சட்டம் குவாதலூப்புக்கும் செல்லும்.

சட்டம் காகிதத்தில் இருந்தது. அதைப் படித்து, எடுத்துக் காட்டி, விடாமல் கேட்க ஓர் ஆள் வேண்டும். கரும்புத் தோட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சிதம்பரம் அந்தப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

கிழவரின் வெற்றி

ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. பத்து வருடம் கழிந்தது. முதல் உலக யுத்தம் வந்து போனது. வழக்குத் தொடங்கியபோது சிதம்பரத்துக்கு வயது 40. முடி நரைத்தது. அவர் விடவில்லை.

1923-இல் தீர்வு பிறந்தது. பிரான்ஸ் நாட்டுப் பிரதம மந்திரி புவாங்கரே, குவாதலூப்பில் பிறந்த இந்தியர் மக்களின் பிரெஞ்சுக் குடியுரிமையையும் ஓட்டுரிமையையும் ஒப்புக்கொண்டார்.

சிதம்பரத்துக்கு அப்போது வயது 60 ஆகிக்கொண்டிருந்தது. வழக்கின் தஸ்தாவேஜுகளை எல்லாம் தொகுத்து அவர் ஒரு நூலாக்கினார். இனி வருகிறவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று!

அவர் நீண்ட ஆயுளோடு வாழ்ந்தார். 1944-இல் பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததையும் பார்த்தார். 1952-இல் தமது 89-ஆவது வயதில் காலமானார். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்து முடிந்ததும் அதே வருடம்தான்.

தமிழ் போயிற்று, தாய் இருக்கிறாள்

குவாதலூப் இந்தியர்கள் இன்று வீட்டில் தமிழ் பேசுவதில்லை. பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியும்தான் அவர்கள் பேச்சு. ஆனால் மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. சிதம்பரம் பிறந்த காப்பெஸ்தேரில், சாங்கி என்ற இடத்தில் பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. “கொலம்போ” என்று அவர்கள் ஒரு குழம்பு வைக்கிறார்கள். நம் “குழம்பு” என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று சொல்வோரும் உண்டு. ராமசாமி, வீரப்பன், முத்துசாமி என்ற பெயர்களும் கொஞ்சம் உருமாறி வாழ்கின்றன.

அந்த முத்துசாமிகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். எர்னஸ்ட் முத்துசாமி 1941-இல் குவாதலூப்பின் சேன் பிரான்சுவா ஊரில் பிறந்தார். பள்ளியில் இலக்கியம் கற்பித்த ஆசிரியர். இந்திய வம்சத்தினரின் வாழ்வைப் பற்றி நூல்கள் எழுதினார். 1981 முதல் 2002 வரை பாரிஸ் பார்லிமெண்டில் உறுப்பினராக இருந்தார். தம் ஊருக்கு மேயராகவும் ஆனார்.

எண்ணிப் பாருங்கள்! “உங்களுக்கு ஓட்டே கிடையாது” என்று 1904-இல் சொன்னார்கள். 77 ஆண்டுகள் கழித்து, அதே மக்களில் ஒரு பள்ளி ஆசிரியர் பார்லிமெண்டில் போய் அமர்ந்தார். நடுவில் நின்று பாலம் போட்டவர் சிதம்பரம்.

நமக்கு என்ன பாடம்?

மறுபடியும் மொரப்பூருக்கு வருவோம். மூட்டை முடிச்சோடு ரயில் ஏறும் நம்மவர்கள் இன்று கடல் கடக்கவில்லை. போகும் இடமும் நம் நாடுதான். ஆனாலும் வேலைக்காக ஊர் மாறும் குடும்பத்தின் பெயர் சில சமயம் இங்கும் இல்லாமல், அங்கும் இல்லாமல் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பும் நடுவில் நின்றுவிடுகிறது.

மூட்டை கட்டும்போது பிள்ளையின் பள்ளிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். குடியேறிய ஊரில் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்தைத் தேடுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், உங்கள் பெயரை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பெயர் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவருக்கும் சேர்த்து எழுதுங்கள்.

சிதம்பரம் செய்ததும் அதுதான். அவர் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதினார்.