அயலூரில் எடுத்தாலும் சொந்தம்தான்

“அக்கா மகளைக் கட்டினால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்கிறார்களே, நிஜமா?” என்று பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். தாய்மாமன் உரிமை இன்றும் பேச்சில் அடிபடும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட முடியாது.

யாரை யார் கட்டினாலும் நூறு பிள்ளைகளில் இரண்டு, மூன்று பிறவிக் குறையோடு பிறக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இன்னும் இரண்டு, மூன்று சேரும். தாய்மாமன் என்றால் சற்றுக் கூடுதல். மிச்சப் பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. பயமுறுத்தித் தலைப்பு போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மரபணுக்களைச் சாவிகளாக நினையுங்கள்: வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் அப்பா தந்த சாவி ஒன்று, அம்மா தந்தது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வளைந்திருந்தால் மற்றது திறக்கும். வளைந்தது கொத்தில் கிடப்பதே தெரியாது. எல்லார் கொத்திலும் அப்படிச் சில உண்டு. பாட்டியின் வளைந்த சாவிக்கு வெட்டிய நகல் இரண்டு வழியாக இறங்கி ஒரே பிள்ளையின் கையில் சேர்ந்தால்தான் வம்பு. குறிப்பிட்ட ஓர் அறைக்கு இரண்டு சாவியும் இப்படி ஒரே மூலத்தின் நகலாக இருக்க, அத்தை-மாமன் பிள்ளைகள் மணத்தில் 16-க்கு 1 வாய்ப்பு; தாய்மாமன் மணத்தில் 8-க்கு 1.

“நாங்கள் அயலூரில்தான் பெண் எடுத்தோம்” என்பார்கள். அயலூர் சரி, சாதி? நூறு தலைமுறைக்கு முன் அத்தனை வீட்டுக்கும் சாவி வெட்டியவர் ஒரே ஆள் என்றால், விருத்தாசலம் போனாலும் அதே சாவிதான். 2017-இல் மரபணு ஆய்வாளர்கள் குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் ஆகியோர் அடங்கிய குழு தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 சமூகங்களில், ஒரு சில மூதாதையரிடமிருந்து பெருகிய தடம், அதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களைவிட அழுத்தமாக இருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வைசியர் சமூகத்தின் கதை. அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்த சக்சினில்கோலின் என்ற மருந்தைப் போடுவார்கள். இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளிவிடும். வைசியரில் சிலருக்கு அந்த நொதிக்கான இரண்டு சாவியும் வளைந்தவை. மருந்து உடலில் தங்கிவிடும். தானாக மூச்சு விட மணிக்கணக்காகும், அதுவரை இயந்திரம்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். ஊசி போடும் நாள்வரை இவர்கள் நல்ல ஆரோக்கியசாலிகள். அந்த அறையைத் திறக்கும் தேவையே அதுவரை வரவில்லை!

வரலாறும் வேண்டுமா? 1902-இல் லண்டனில் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட், சிறுநீர் கறுக்கும் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர் நெருங்கிய உறவினர் என்று கவனித்தார். 1977-இல் ஆய்வாளர்கள் சுந்தர் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களை அலசியபோது, சொந்த மணத்தால் குழந்தைப்பேற்றில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கெட்டவை களையெடுக்கப்பட்டிருக்கும் என்றொரு விளக்கம் உண்டு. அதை நம்பி நான் பெண் பார்க்கமாட்டேன்.

‘மரபணுப் பொருத்தம்’ பார்த்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் நம்பமாட்டேன். பட்டியலில் உள்ள கோளாறைத்தான் சோதனை தேடும். ஐரோப்பியரைப் பார்த்துப் போட்ட பட்டியலில் நம்முடையது விடுபட்டிருக்கலாம்.

பரங்கிப்பேட்டைக்காரர் முதலில் இரு வீட்டுப் பாட்டிகளிடமும் விசாரிக்கட்டும். சிறுவயதில் இறந்த பிள்ளைகள் உண்டா, காது கேளாதவர் உண்டா, ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் திரும்பத் தாமதமானவர் உண்டா? உண்டு என்றால் அந்த விவரத்தோடு மரபணு மருத்துவரிடம் போகலாம். எந்தச் சாவியைச் சோதிப்பது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.