பூச்சாண்டி காட்டியது போதும்

“சாப்பிடலேன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்.” போலீஸைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் பாடம் இது. பல வீடுகளில் அதற்கு மேல் பேச்சே எழுவதில்லை.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களால் அப்படி இருந்துவிட முடியாது. பையன் தனியாக வெளியே போகும் வயது வந்தால் பெற்றோர் உட்காரவைத்துச் சொல்கிறார்கள்: கை வெளியே தெரியட்டும், சட்டென்று பைக்குள் கைவிடாதே, எதிர்த்துப் பேசாதே, ஓடாதே. 2014 நவம்பரில் கிளீவ்லாந்து பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது தமீர் ரைஸை, வண்டி வந்து நின்ற சில விநாடிகளிலேயே போலீஸ் சுட்டது.

கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்தப் பயம் பழசுதான். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழிந்தது, பயம் ஒழியவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்ஸும், 2025 ஜூனில் மடப்புரம் கோவில் காவலாளியும் போலீஸ் பிடியில் சிக்கி இறந்த பிறகு ‘பயப்படாதே’ என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

ஆனாலும் பயத்தை மட்டும் ஊட்டினால் பிள்ளை ஓடத்தான் செய்வான். ஓடுகிறவன் மீதுதான் சந்தேகமும் விழும்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்கு டியூஷன் போய்த் திரும்பும் பையனை நிறுத்தி, “ஜீப்பில ஏறுடா” என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் முதலில் சொல்ல வேண்டியது: “சார், எனக்குப் பதினாறு வயசு.” அந்த ஒரு வாக்கியம் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை அங்கே கொண்டுவந்துவிடும். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. சிறப்பு இளைஞர் போலீஸ் பிரிவிடமோ குழந்தைகள் நல போலீஸ் அதிகாரியிடமோதான் ஒப்படைக்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கூடாது, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்கின்றன 2016 மாதிரி விதிகள்.

அடுத்தது, “அம்மாவுக்குப் போன் போடுங்க சார்.” செல்போனைத்தான் முதலில் வாங்கிவைப்பார்கள் என்பதால் அம்மாவின் நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே பையன் கையில் பைக் சாவியையும் கொடுக்கிற அப்பாக்கள் உண்டு. லைசென்ஸ் வயது வராதவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

பதினெட்டு வயது நிரம்பிய அண்ணனுக்கு வேறு சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்பவரின் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். கைதானதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அடி விழுந்திருந்தால் மருத்துவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்; உடன் நிற்கும் போலீஸைப் பார்த்துப் பலர் விழுங்கிவிடுவது இங்கேதான்.

ஸ்டேஷனுக்குப் போகும் பெற்றோர் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், யார் பேசினார், வண்டி எண் என்ன என்று குறிக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100, குழந்தைகளுக்கு 1098. மாவட்ட எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லா ஸ்டேஷன்களிலும் சிசிடிவி வைக்க 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி தேதி, நேரம் போட்டு அந்தப் புகாரிலேயே கேட்டுவிடலாம்.