மத்தியானம் ஓடியது, இரவில் நின்றது! கம்ப்யூட்டர் படித்த பெண்ணைக் கலங்க வைத்த ஓர் எழுத்து

மத்தியானம் நன்றாக ஓடியது. இரவில் நின்றுவிட்டது!

ஓடி நின்றது மோட்டார் அல்ல, பஸ் அல்ல. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்.

உழவர்கரையில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு இப்படி நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் படிக்கும் யாருக்கும் நேரக்கூடியதுதான்.

கல்லூரியில் அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். வகுப்பில் உள்ளவர்களின் மார்க்கைக் கூட்டி, யார் பாஸ், யார் பெயில் என்று சொல்லும் புரோகிராம். ஓட்டிப் பார்த்தாள். விடை சரியாக வந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, குதூகலமாக வீடு திரும்பினாள்.

வீட்டில் அண்ணன் மலிவாக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்தது. அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, "பாருங்கப்பா!" என்று பொத்தானைத் தட்டினாள்.

மார்க் வரவில்லை. ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள் வந்தன. "அப்படி ஒரு பைல் இல்லை" என்றது கடைசி வரி.

பெண்ணின் முகம் வாடியது.

"எனக்கு இந்தப் படிப்பு வராதுப்பா. வேறு ஏதாவது படிக்கிறேன்" என்றாள்.

கடன் வாங்கிப் பணம் கட்டிய தகப்பனார் என்ன சொல்வார்? வாயடைத்துப் போனார்.

அவள் செய்த தவறு என்ன? ஒரே ஓர் எழுத்து!

கம்ப்யூட்டருக்குள் ஒரு மேஸ்திரி

கம்ப்யூட்டர் என்பது வெறும் இயந்திரம். அதற்குள் ஒரு மேஸ்திரி இருக்கிறார். எந்தப் பைல் எங்கே இருக்கிறது, எந்த வேலை முதலில் நடக்க வேண்டும், திரையில் எதைக் காட்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவர்தான். இவரை 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பார்கள். தமிழில், இயங்குதளம்.

மேஸ்திரிகள் பலர் உண்டு. மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'விண்டோஸ்' 1985-ல் வந்தது. அதற்கு ஓர் ஆண்டு முன்பே ஆப்பிள் கம்பெனியின் 'மெக்கின்டோஷ்' வந்துவிட்டது. 1991-ல் பின்லாந்து நாட்டில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 'லினக்ஸ்' என்பதை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார். அதை வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இயங்குதளத்தைத் தயாரித்தது.

லினக்சுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் லினக்ஸ் வகைகள் உண்டு. ஏழை வீட்டுக் கம்ப்யூட்டரில் அது இருப்பதற்கு அதுவே காரணம்.

மாணவியின் கல்லூரியில் இருந்தது விண்டோஸ். வீட்டில் இருந்தது லினக்ஸ். மேஸ்திரி மாறிவிட்டார்!

எல்லை மாறும், பேச்சு மாறாது

உழவர்கரைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்.

லாஸ்பேட்டை உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. காலாப்பட்டும் அதே நகராட்சியில்தான் இருக்கிறது. ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இங்கிருந்து அங்கே போக வேண்டுமானால் நடுவில் தமிழ்நாடு வந்துவிடும்! கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடிக்கு வந்தால் மறுபடியும் புதுச்சேரி.

எல்லை தாண்டியதும் போலீஸ்காரரின் தொப்பி மாறுகிறது. புதுச்சேரிப் போலீஸ்காரர் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிவப்புத் தொப்பி வைத்திருப்பார். தமிழ்நாட்டுப் போலீஸ்காரருக்கு அது கிடையாது. பெட்ரோல் விலை மாறுகிறது. வண்டி நம்பர் மாறுகிறது. ஆனால், ஜனங்கள் பேசும் தமிழ் மாறுகிறதா? இல்லையே!

புரோகிராம் எழுதும் மொழியும் அப்படித்தான். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்ட 'பைத்தான்' என்ற மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த பிளஸ்-2 கம்ப்யூட்டர் பாடநூலில்கூட அந்த மொழி இடம் பெற்றது. விண்டோசில் படித்தாலும் அதே பைத்தான். லினக்சில் படித்தாலும் அதே பைத்தான். கூட்டல் கணக்கு இரண்டிலும் ஒன்றே. வீட்டில் கற்றது கல்லூரியில் வீண்போகாது.

மாறுவது எல்லைச் சட்டங்கள் மட்டுமே. அவை என்னென்ன?

நாலு சட்டங்கள்

முதலாவது, பைலின் பெயர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு அல்லவா? விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே நினைக்கும். லினக்ஸ் வேறு வேறாக நினைக்கும். மாணவி பைலுக்குப் பெயர் வைத்தபோது முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டாள். புரோகிராமுக்குள் சின்னதாகப் போட்டுவிட்டாள். விண்டோஸ், "பரவாயில்லை" என்று விட்டுவிட்டது. லினக்ஸ், "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டது!

இரண்டாவது, விலாசம். ஒரு பைல் இருக்கும் இடத்தை எழுதும்போது நடுவில் சாய்கோடு போடுவார்கள். விண்டோசில் அது பின்பக்கம் சாயும். லினக்சில் முன்பக்கம் சாயும். விண்டோசில் விலாசம் பெரும்பாலும் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். லினக்சில் அந்த 'சி' கிடையாது. ஆகவே முழு விலாசம் எழுதாமல், புரோகிராம் இருக்கும் இடத்திலேயே பைலையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் எழுதிப் பழகுவது நல்லது.

மூன்றாவது, வரியின் முடிவு. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும். வரி முடிந்ததும் இரண்டு வேலை. வண்டியை வலது பக்கம் தள்ளி, வரியின் தொடக்கத்துக்கு வர வேண்டும். காகிதத்தை ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும். விண்டோஸ் அந்த இரண்டுக்கும் இரண்டு குறி போடுகிறது. லினக்ஸ் ஒரே குறியோடு நிறுத்திக்கொள்கிறது. இந்தக் குறி கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் புரோகிராமை மட்டும் தடுக்கி விழச் செய்யும்.

நாலாவது, தமிழ் எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது; எண்தான் தெரியும். 'யூனிகோட்' என்ற ஏற்பாடு உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. அந்த எண்களை எழுதி வைக்கும் முறைகளில் ஒன்று 'யுடிஎப்-8'. பைலைத் திறக்கும்போது அந்த முறையைக் குறிப்பிட்டுவிட வேண்டும். மறந்தால், லினக்சில் அழகாகத் தெரிந்த தமிழ் விண்டோசில் கோழி கிளறிய குப்பையாகத் தெரியலாம்!

நகலெடுத்தால் போதாது

இன்னொரு விஷயம். 1972-ஐ ஒட்டி அமெரிக்காவில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய 'சி' போன்ற மொழிகளில், எழுதியதை முதலில் இயந்திரத்துக்குப் புரியும் வடிவமாக மாற்ற வேண்டும். விண்டோசுக்காக மாற்றியது லினக்சில் நேராக ஓடாது. அதற்காகப் புதிதாக எழுத வேண்டுமா? வேண்டாம். எழுதிய மூலத்தை எடுத்துவந்து, லினக்சில் மறுபடியும் மாற்றிக்கொண்டால் போதும். அரைத்த மாவை எடுத்துப் போகாமல் அரிசியை எடுத்துப்போய் அங்கே அரைத்துக்கொள்வது போல!

தமிழிலேயே கட்டளை

"ஆங்கிலம் தெரியாதே, என்ன செய்வது?" என்று தயங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயர் 'எழில்'.

அமெரிக்காவில் வாழும் தமிழர் முத்து அண்ணாமலை 2007-ல் தொடங்கிய முயற்சி இது. எழிலில் 'பதிப்பி' என்றால் கம்ப்யூட்டர் திரையில் எழுதும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' எல்லாம் அதில் கட்டளைகள். "மார்க் 35-க்குக் குறையவில்லை ஆனால், பாஸ்" என்று தமிழ் பேசுகிற வரிசையிலேயே நிபந்தனை முன்னால் வரும். பைத்தான் மேல் கட்டப்பட்டது ஆகையால், எழிலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். காசு கிடையாது.

வேலைக்குப் போகிறவர்கள் ஆங்கிலச் சொற்கள் உள்ள மொழிகளையும் கற்றே ஆக வேண்டும். ஆனால், யோசிக்கும் முறையைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்டால் பிறகு பயம் இருக்காது.

கம்ப்யூட்டரில் தமிழ் வளர்வதைப் பற்றிப் பேச, 2014 செப்டம்பரில் அறிஞர்கள் பலர் கூடினார்கள். எங்கே தெரியுமா? காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில்! 13-வது தமிழ் இணைய மாநாடு அங்கேதான் நடந்தது. உழவர்கரைக்கு அது சொந்த வாசல்.

அழாதே, கடைசி வரியைப் படி!

மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம்.

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் வந்தான். திரையைப் பார்த்தான். "அழாதே, அந்தக் கடைசி வரியை நிதானமாகப் படி. எந்தப் பெயரைத் தேடுகிறது? நீ வைத்த பெயர் என்ன?" என்று கேட்டான்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு பெயரையும் ஒப்பிட்டாள். சிரித்துவிட்டாள். ஓர் எழுத்தை மாற்றிப் பொத்தானைத் தட்டினாள்.

மார்க்குகள் வரிசையாக வந்து நின்றன.

தகப்பனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலில் மகளின் பெயரைத் தேடினார். பக்கத்தில் 'பாஸ்' என்று இருந்தது.

"இந்தப் படிப்பு உனக்கு வராது என்று யாரம்மா சொன்னது?" என்றார்.