தீர்ந்ததும் தீர்த்ததும்

அரிசிப்பானையின் அடியில் படி தட்டும் ஒலி கேட்டதும் "அரிசி தீர்ந்துவிட்டது" என்கிறோம். உண்டு முடித்தவர் "பசி தீர்ந்தது" என்கிறார். முன்னது கவலையைத் தருகிறது. பின்னது நிறைவைத் தருகிறது. இரண்டையும் சொல்ல நமக்கு உதவுவது ஒரே வினை. பசி தீரத் தீர அரிசியும் தீர்கிறது.

சொல்லின் பொருள்

இருந்த பொருள் பயன்பட்டு இல்லாமற்போவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. 'செல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'செலவு', சங்க இலக்கியத்தில் பயணத்தைக் குறித்தது. இன்று கையைவிட்டுச் செல்லும் பணத்தைக் குறிக்கிறது. அரபுமொழியிலிருந்து வந்த 'காலி' என்பதும் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. இவற்றுள் தொன்மையும் விரிந்த ஆட்சியும் உடையது 'தீர்' என்பதாகும். தொல்காப்பிய உரியியல், தீர்தல், தீர்த்தல் ஆகிய இரண்டிற்கும் விடுதல் என்று பொருள் கூறுகிறது. இப்பொருளே இன்றைய வழக்குகளை இணைக்கிறது. பானையை விட்டு அரிசி நீங்குகிறது. உடலை விட்டு நோய் நீங்குகிறது. மனத்தை விட்டு ஐயம் நீங்குகிறது. நீங்குவது எது என்பதைப் பொறுத்தே அது இழப்பா, விடுதலையா என்பது அமைகிறது. வழக்கை முடிப்பது தீர்ப்பு. சிக்கலை நீக்குவது தீர்வு.

துணைவினையாகவும் இச்சொல் வரும். 'திட்டித் தீர்த்தான்' என்பதில் எஞ்சாமல் செய்துமுடித்தலையும், 'சென்றே தீர வேண்டும்' என்பதில் கட்டாயத்தையும் அது உணர்த்துகிறது.

இரு வடிவங்கள்

'எண்ணெய் தீர்ந்தது' என்பதில் 'தீர்ந்தது' செயப்படுபொருள் குன்றியவினை. 'எண்ணெயைத் தீர்த்தோம்' என்பதில் 'தீர்த்தோம்' செயப்படுபொருள் குன்றாவினை. இவ்விரு சொற்களையும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

தீர்ந்தது = தீர் + த்(ந்) + த் + அ + து
தீர் – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – சாரியை. து – ஒன்றன்பால் வினைமுற்று விகுதி.

தீர்த்தோம் = தீர் + த் + த் + ஓம்
தீர் – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. ஓம் – தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி.

பகுதியும் காலமும் ஒன்றே. ஆயினும், முதல் தொடரில் எழுவாய் எண்ணெய். அதைப் பயன்படுத்தியவர் தொடரில் இல்லை. இரண்டாம் தொடரில் 'ஓம்' என்னும் விகுதி அவரைக் காட்டிவிடுகிறது.

சொல்லும் பொறுப்பும்

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. "தண்ணீர் தீர்ந்துவிட்டது" என்றே பலரும் பேசினர். அத்தொடர் பொய்யன்று; முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை குறைந்திருந்தது. ஆனால், அது முழு உண்மையுமன்று. ஊறும் அளவுக்கு மேல் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. மழைநீரைத் தேக்கிவைக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கட்டடங்களால் பல ஆண்டுகளாகச் சுருங்கிவந்தது. இவை தாமே நிகழ்ந்தவை அல்ல, மனிதர் செய்தவை. இவற்றைக் கூற 'தீர்ந்தது' போதாது. 'தீர்த்தோம்' என்னும் வினை வேண்டும்.

தானே முடிந்ததற்குத் 'தீர்ந்தது' என்பதும், நம்மால் முடிந்ததற்குத் 'தீர்த்தோம்' என்பதும் பொருந்தும். இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பதை அறிந்து சொல்வதே சொல்லாட்சி. யார் தீர்த்தார் என்பது தெளிந்த பிறகே தீர்வைத் தேடத் தொடங்க முடியும்.