பாத எரிச்சலும் நுண்நரம்புகளும்

இரவில் பாதம் தீயாய் எரிகிறது. ஊசி குத்துவது போலவும் இருக்கிறது. ஆயினும் நரம்பின் மின்சாரச் சோதனையில் குறையொன்றும் தெரிவதில்லை. அதுகொண்டு நோயே இல்லையென நாம் முடிவு செய்தல் தவறு. அச்சோதனை பருமனான நரம்பிழைகளையே அளக்கும். வலியையும் சூட்டையும் உணர்த்தும் நுண்ணிழைகள் அதற்குப் புலப்படா. கணுக்காலுக்கு மேல் 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தோல்துண்டை எடுத்து, உருப்பெருக்கியில் இழைகளை எண்ணிக் குறையை அறியலாம்.

இந்நோய்க்குப் பெருங்காரணம் நீரிழிவு; பி12 உயிர்ச்சத்துக் குறைவும் மதுவும் பிற காரணங்களுள் சில. ஆதலின் முதலில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். காரணத்தை அடக்கினால் சேதம் பெருகுவது குறையும். எரிச்சலைத் தணிக்க மருத்துவர் தரும் மருந்துகளும் உண்டு.

நாளடைவில் பாதம் மரத்துப்போனால் சூடும் தெரியாது, புண்ணும் தெரியாது. தறிக்குழியிலும் வயலிலும் உழைக்கும் நாம், மாலைதோறும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் கண்ணால் பார்த்துக்கொள்வோமாக.